படுத்திருப்பவர் பார்க்கும் ஆஸ்பத்திரி

நோயாளியின் பார்வை எங்கே போகிறது என்று அளக்கும் கண்ணாடி வந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்கு வருபவர் என்ன அனுபவிக்கிறார் என்பதை அது காட்டும். ஆனால் காரணத்தை அவர் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

ஆஸ்பத்திரிகளைக் கட்டுபவர்களும் நடத்துபவர்களும் அவற்றை நின்றுகொண்டு பார்ப்பவர்கள். கட்டட நிபுணர், நிர்வாகி, டாக்டர், திறப்பு விழாவுக்கு வரும் அமைச்சர் எல்லோருமே அப்படித்தான். வரவேற்பறையின் பளிங்குத் தரையும் சுவரில் மாட்டிய படங்களும் அவர்களுடைய கண் மட்டத்துக்காகவே அமைந்தவை. ஆபரேஷனுக்கு வந்தவரோ பெரும்பாலான நேரம் மல்லாந்து படுத்திருக்கிறார். அவர் பார்க்கும் ஆஸ்பத்திரி வேறு. கண் கூசும் குழல் விளக்கு, கூரையில் நீர் கசிந்த கறை, தொங்கும் குளுகோஸ் பாட்டில், தலைகீழாகக் குனியும் முகமூடி முகங்கள். தன்னைத் தள்ளிக்கொண்டு போகும் ஊழியரின் மோவாய் மட்டுமே அவருக்குத் தெரிகிறது.

இந்த இன்னொரு ஆஸ்பத்திரியை நிர்வாகத்துக்குக் காட்ட ஒரு கருவி இருக்கிறது. பார்வைக்கு அது தடித்த சட்டமுள்ள மூக்குக் கண்ணாடி மாதிரிதான். சட்டத்தின் முன்னால் உள்ள சிறு காமிரா எதிரே இருக்கும் காட்சியைப் படம் பிடிக்கிறது. உள்ளே உள்ள காமிராக்கள் அணிந்தவரின் கண்களைப் படம் பிடிக்கின்றன. இரண்டையும் இணைத்து, வீடியோவில் ஒரு வட்டப் புள்ளியை ஓட விடுகிறது கம்ப்யூட்டர். புள்ளி நிற்கும் இடத்தில்தான் அவரது பார்வை நிற்கிறது என்று அர்த்தம். ஐ டிராக்கிங் எனப்படும் இந்த முறை விளம்பரத் துறைக்கும் கார் தயாரிப்பாளர்களுக்கும் நன்கு பழக்கமானது. இப்போது ஆய்வாளர்கள் அறுவை சிகிச்சை நோயாளிகளின் பக்கமும் அதைத் திருப்பியிருக்கிறார்கள். அட்மிஷன் கவுண்டர் முதல் தியேட்டர் வாசல் வரை அவர் எதைப் பார்க்கிறார்? எதைத் தேடுகிறார்? அவருக்காக எழுதி மாட்டிய எதைப் பார்க்காமலே கடந்து போகிறார்?

தாவும் கண்

கருவியின் தத்துவம் எளிமையானது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி கருவிழியின் மேல் பட்டு ஒரு மினுக்கலாகத் திரும்பி வருகிறது. கண்மணியின் மையத்துக்கும் இந்த மினுக்கலுக்கும் உள்ள இடைவெளி கண் திரும்பும்போதெல்லாம் மாறும். அந்த மாற்றத்திலிருந்து பார்வையின் திசையைக் கணக்கிட்டுவிடலாம்.

மனிதக் கண்ணின் அமைப்புதான் இந்தக் கணக்குக்கு மதிப்பைத் தருகிறது. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, ஏறத்தாழ அவ்வளவு பரப்பைத்தான் கண் ஒரு நேரத்தில் துல்லியமாகப் பார்க்கிறது. சுற்றியுள்ளது எல்லாம் மங்கல்தான். இதை ஈடுகட்டவே கண் விநாடிக்கு சுமார் 3 முறை இடம் விட்டு இடம் தாவுகிறது. தாவி நின்ற இடங்களை வரிசைப்படுத்தினால், மனம் எதைத் தேடி அலைந்தது என்பதற்கு ஒரு வழித்தடம் கிடைக்கிறது.

கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது என்பது 1870களில் பாரிஸைச் சேர்ந்த கண் மருத்துவர் லூயி எமில் ஜாவலின் காலத்தில் தெரியவந்தது. அமெரிக்க உளவியலாளர் எட்மண்ட் ஹியூயி அதை அளக்க முனைந்த விதம் இன்று கேட்டால் நடுங்க வைக்கும். கண்ணை மரத்துப்போகச் செய்து, அதன் மேல் துளையிட்ட சிறு கிண்ணம் ஒன்றைப் பொருத்தி, அதில் ஒரு அலுமினிய முள்ளை இணைத்தார் அவர். கண் அசையும்போது முள்ளும் அசையும். இன்றைய கண்ணாடி கண்ணைத் தொடுவதே இல்லை.

நோயாளிகளைப் பற்றிய ஆய்வுக்கு அடிப்படையான உண்மையைக் கண்டவர் ரஷ்ய விஞ்ஞானி ஆல்ஃபிரெட் யார்பஸ். 1960களில் வெளியான அவரது நூலில் உள்ள சோதனை புகழ்பெற்றது. எதிர்பாராமல் வீடு திரும்பும் ஒருவரைச் சித்தரிக்கும் இல்யா ரெபினின் ஓவியத்தை ஒரே ஆளிடம் பல முறை காட்டினார். ஒவ்வொரு முறையும் வேறொரு கேள்வி. ஓவியத்தில் இருப்பவர்களின் வயது என்ன என்று கேட்டால் பார்வை முகங்களில் நின்றது. குடும்பம் வசதியானதா என்று கேட்டால் மேஜை நாற்காலிகளுக்கும் உடைகளுக்கும் போனது. படம் ஒன்றுதான். மனதில் இருந்த கேள்வி பார்வையின் பாதையை மாற்றியது. வார்டைச் சுற்றிப் பார்க்க வந்தவரும், நாளைக் காலை ஆபரேஷன் என்று காத்திருப்பவரும் ஒரே அறையில் இருந்தாலும் ஒரே அறையைப் பார்ப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

மருத்துவ உலகில் இந்தக் கருவி முதலில் போனது டாக்டர்களிடம்தான். எக்ஸ்-ரே படத்தில் நிபுணரின் கண் எங்கே போகிறது, லேப்ராஸ்கோபி பயிலும் புதியவர் கருவியின் நுனியைப் பார்க்கிறாரா, அனுபவசாலியைப் போல இலக்கைப் பார்க்கிறாரா என்றெல்லாம் ஆராய்ந்தார்கள். கத்தி பிடித்தவரின் பார்வைக்குப் பல ஆண்டுகளாகக் கிடைத்த கவனம், கத்திக்குக் கீழே படுத்தவரின் பார்வைக்குத் தாமதமாகத்தான் கிடைத்திருக்கிறது.

கேட்டாலே போதாதா?

நோயாளியின் அனுபவத்தை அறியக் கண்ணாடி எதற்கு, கேட்டால் சொல்லிவிட மாட்டாரா என்ற கேள்வி நியாயமானது. கேட்கும் முறைகள் இல்லாமலில்லை. 1993ல் அமெரிக்காவில் பிக்கர் அமைப்பின் ஆய்வுகளைத் தொகுத்து வந்த புத்தகத்தின் தலைப்பே 'நோயாளியின் கண்கள் வழியே' என்பதுதான். டிஸ்சார்ஜ் ஆனவர்களிடம் எடுக்கும் சர்வே முடிவுகளை ஆஸ்பத்திரி வாரியாக 2008 முதல் வெளியிடுகிறது அமெரிக்க அரசு. இந்தியாவிலும் மத்திய சுகாதார அமைச்சகம் 2016ல் 'மேரா அஸ்பதால்' திட்டத்தைத் தொடங்கி, எஸ்.எம்.எஸ்., தொலைபேசி, இணையம் வழியே நோயாளிகளின் கருத்தைக் கேட்டது.

சிக்கல் பதிலில் இருக்கிறது. இலவசமாகவோ, கடன் வாங்கியோ சிகிச்சை பெற்று உயிரோடு வீடு திரும்பியவரிடம் 'எப்படி இருந்தது?' என்று கேட்டால் 'எல்லாம் நல்லா இருந்துச்சு, புண்ணியமாப் போகட்டும்' என்பார். நாளை மறுபடி அதே டாக்டரிடம்தான் வர வேண்டும். குறை சொன்னால் என்ன ஆகுமோ என்ற பயம் ஒரு பக்கம், நன்றி மறுபக்கம். கேள்வித்தாளில் நிற்பது இந்த இரண்டும்தான்.

நினைவும் ஏமாற்றும். டேனியல் கானமனும் கனடா டாக்டர் டொனால்ட் ரெடல்மையரும் 1996ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கானமன் பிற்பாடு 2002ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். பெருங்குடலுக்குள் குழாய் விட்டுச் சோதிக்கும்போதே நோயாளிகளிடம் நிமிடத்துக்கு நிமிடம் வலியின் அளவைக் கேட்டுக் குறித்தார்கள். பிற்பாடு மொத்த அனுபவத்தையும் மதிப்பிடச் சொன்னார்கள். வலியின் உச்சமும் கடைசி சில நிமிடங்களுமே நினைவைத் தீர்மானித்தன. சோதனை எவ்வளவு நேரம் நீடித்தது என்பது ஏறக்குறையக் கணக்கிலேயே வரவில்லை.

ஆபரேஷனில் இன்னொன்றும் சேர்கிறது. பதற்றத்தைத் தணிக்கக் கொடுக்கும் மிடசோலம் போன்ற மருந்துகள், அதற்குப் பிறகு நடப்பதை நினைவில் பதிய விடுவதில்லை. மருந்து ஏறிய பின்பும் நோயாளி கண் விழித்திருக்கலாம், பயந்திருக்கலாம், பதில் சொல்லியிருக்கலாம். மறுநாள் அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. அந்த நிமிடங்களுக்கு ஆஸ்பத்திரியைத் தவிர வேறு சாட்சி இல்லை. பார்த்ததை அந்தக் கணமே பதிவு செய்யும் கண்ணாடிக்கு இங்கேதான் வேலை வருகிறது.

பார்வை நிற்கும் இடங்கள்

நோயாளி என்ன பார்க்கிறார் என்பது வெறும் அழகு சமாசாரம் அல்ல என்பதற்குக் கண்ணாடி வரும் முன்பே ஆதாரம் இருந்தது. 1984ல் 'சயன்ஸ்' இதழில் ரோஜர் உல்ரிச் எழுதிய கட்டுரை அது. பென்சில்வேனியாவில் ஒரு ஆஸ்பத்திரியில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் எடுத்துக்கொண்டார். 23 பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மற்ற 23 பேரின் ஜன்னலுக்கு வெளியே செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் ஆபரேஷனுக்குப் பின் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள். சுவர் பார்த்தவர்களுக்கு 8.70 நாள் ஆனது. கடுமையான வலி மருந்துகளும் மரம் பார்த்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. ஆனால் பதிவேட்டை வைத்து ஆராய்ந்த உல்ரிச்சுக்கு, படுக்கையில் இருந்தவர் மரத்தை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று அறிய வழியில்லை. இன்று அதை நிமிடக் கணக்கில் சொல்ல முடியும்.

சம்மதப் படிவம் இன்னொரு முக்கியமான இடம். படிக்கும் கண்ணின் தடம் தனியாகத் தெரியும். வரி வரியாகத் தாவி, புரியாத சொல்லுக்குத் திரும்பி வந்து மறுபடி போகும். படிக்காத கண் பக்கத்தை மேலோட்டமாகத் தடவிவிட்டுக் கையெழுத்துப் போடும் இடத்தில் போய் நிற்கும். கையெழுத்து இரண்டிலும் ஒன்றுதான்.

அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்பதை உச்ச நீதிமன்றமே பேசியிருக்கிறது. 1995ல் டில்லியில் ஒரு பெண், வயிற்றுக்குள் கருவி விட்டுச் சோதித்துப் பார்க்க மட்டுமே ஒப்புக்கொண்டிருந்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயின் சம்மதத்தைப் பெற்று அவரது கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. சோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்த சம்மதமாகாது, உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது நோயாளி விழிக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும் என்று 2008 ஜனவரியில் தீர்ப்பளித்தது நீதிமன்றம். நோயாளிக்குப் போதுமான விவரம் சொல்லிப் பெறுவதுதான் சம்மதம் என்றும் அது விளக்கியது. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமை சாசனத்திலும் இந்த உரிமை உண்டு. ஆனாலும் பல ஆஸ்பத்திரிகளில் படிவம் நோயாளி படிக்கும் மொழியில் இருப்பதில்லை. வங்கத்திலிருந்து வேலூர் சி.எம்.சி.க்கும், பீகாரிலிருந்து டில்லி எய்ம்ஸுக்கும், நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்கும் நோயாளிகள் வரும் நாடு இது. படிக்கத் தெரியாத பலகையின் முன்னால் அலையும் பார்வையை எந்தக் கேள்வித்தாளும் பதிவு செய்யாது.

அடுத்தது தியேட்டர் வாசல். உறவினர்கள் அங்கே நின்றுவிடுகிறார்கள். அதற்கு மேல் தெரிந்த முகம் கிடையாது. முகமூடிக்கும் தொப்பிக்கும் நடுவே தெரியும் கண்களைத்தான் நோயாளி பார்த்தாக வேண்டும். இதில் யார் டாக்டர், யார் மயக்க மருந்து கொடுப்பவர், யார் உதவியாளர்?

இந்தத் தவிப்பை உலகுக்குச் சொன்னவர்களில் ஒருவர் இங்கிலாந்து டாக்டர் கேட் கிரேஞ்சர். புற்றுநோயால் தானே நோயாளியாகிப் படுத்தபோது, சிகிச்சை தர வந்தவர்கள் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதை அவர் கவனித்தார். 'வணக்கம், என் பெயர் இன்னது' என்று சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள் என்ற இயக்கத்தை 2013ல் தொடங்கினார். 2016ல் அவர் இறந்த பிறகும் அது வாழ்கிறது. ஆஸ்திரேலியாவின் மயக்கவியல் டாக்டர் ராப் ஹேக்கெட் 2017ல் தன் தியேட்டர் தொப்பியிலேயே பெயரையும் பொறுப்பையும் எழுதிக்கொண்டு வந்தார். செலவு ஒரு பேனா மை. படுத்திருப்பவரின் பார்வை தானாகவே போய் நிற்கும் இடமும் அதுதான்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட அம்சமும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008ல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலின் முதல் கட்டமே, மயக்கம் கொடுக்கும் முன் நோயாளியிடம் பெயர், ஆபரேஷன், செய்யப்போகும் இடம் ஆகியவற்றை உறுதிசெய்வதுதான். டில்லி உட்பட 8 நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் நடந்த சோதனையில், பட்டியல் வந்த பிறகு மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்தன. 2009ல் வெளியான முடிவு இது. அந்த முதல் கேள்விகளைக் கேட்பவர் நோயாளியின் கண்ணைப் பார்த்துக் கேட்டாரா, அல்லது அட்டையைப் பார்த்துக்கொண்டே டிக் போட்டாரா? நோயாளியின் தலையில் உள்ள காமிரா அதையும் காட்டிக்கொடுத்துவிடும்.

கண்ணாடிக்குத் தெரியாதது

இவ்வளவும் சொல்லும் கருவி ஒன்றை மட்டும் சொல்லாது. பார்த்தவர் என்ன நினைத்தார் என்பது அதற்குத் தெரியாது. பாஸ்டன் ஆய்வாளர்கள் 2013ல் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்கு எச்சரிக்கை. நுரையீரல் ஸ்கேன் படங்களில் ஒரு கொரில்லாவின் உருவத்தைச் செருகி 24 ரேடியாலஜி நிபுணர்களிடம் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். 20 பேர் கொரில்லாவைக் கவனிக்கவில்லை. அவர்களில் 12 பேரின் பார்வை நேராக அதன் மேலேயே விழுந்திருந்தது என்று காட்டியது கருவி. கண் விழுவது வேறு, மனதில் படுவது வேறு.

பயந்தவர் பயமுறுத்தும் பொருளையே வெறித்துப் பார்க்கலாம். அல்லது அதைத் தவிர்த்துச் சுவரைப் பார்க்கலாம். புள்ளி சுவரில் நிற்பதால் அவர் சுவரை ரசிக்கிறார் என்று எழுதிவிட முடியாது. கண்மணி விரிவதை வைத்துப் பதற்றத்தை அளக்கலாம் என்ற யோசனையும் ஆபரேஷன் நோயாளியிடம் எடுபடாது. மார்ஃபின் வகை மருந்துகள் கண்மணியைச் சுருக்கும். அட்ரோபின் விரிக்கும். தலைக்கு மேல் எரியும் விளக்கும் தன் பங்குக்குச் சுருக்கும். பக்கத்துப் படுக்கையின் முனகல், டெட்டால் வாசனை, தியேட்டரின் குளிர் ஆகியவை கண்ணாடியில் பதிவாவதே இல்லை.

எனவே பதிவு முடிந்ததும் வீடியோவை நோயாளிக்கே போட்டுக் காட்டுவதுதான் சரியான முறை. 'இந்த இடத்தில் கதவையே பார்த்துக்கொண்டிருந்தீர்களே, ஏன்?' என்று கேட்க வேண்டும். 'எப்படி இருந்தது?' என்ற கேள்விக்கு 'நல்லா இருந்துச்சு' என்பவர், இந்தக் கேள்விக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. யாரையும் குறை கூறும் சங்கடமும் இதில் இல்லை. தான் பார்த்ததை விளக்கினால் போதும். கருவியின் உண்மையான லாபம் இந்தப் பேச்சுதான்.

இந்தியாவுக்கு வருமா?

நடைமுறைத் தடைகள் பல. கண் மை தீட்டிய இமைகள், கண்புரை, சரிந்த இமை, மருந்தால் சொக்கும் கண் ஆகியவை கருவியைக் குழப்பும். மயக்க மருந்துக்கான முகமூடி வரும்போது கண்ணாடியைக் கழற்றியாக வேண்டும். அவசர ஆபரேஷனுக்கு வருபவருக்கு அதை மாட்ட நேரமே இருக்காது. பயம் மிக அதிகமாக இருப்பவரே ஆய்வில் இடம்பெறாமல் போகும் அபாயம் இது.

அதைவிடப் பெரிய கவலை அந்தரங்கம். நோயாளியின் தலையில் காமிரா இருந்தால் பக்கத்துப் படுக்கைக்காரர், உடை மாற்றும் பெண், அழும் உறவினர் எல்லோரும் படத்தில் வந்துவிடுவார்கள். அவர்கள் யாரும் சம்மதம் தரவில்லை. படுக்கைகள் நெருக்கியடித்துக் கிடக்கும் அரசு ஆஸ்பத்திரி பொது வார்டில் இது சிறிய விஷயமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ம் ஆண்டு நெறிமுறைகள் நெறிக்குழுவின் அனுமதியையும் பங்கேற்பவரின் சம்மதத்தையும் வற்புறுத்துகின்றன. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023ல் சட்டமும் இயற்றப்பட்டிருக்கிறது. நாளை ஆபரேஷன் என்று படுத்திருப்பவரிடம், அதே ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து 'கண்ணாடி போட்டுக்கொள்கிறீர்களா?' என்றால் மறுக்கும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்? அவரது உண்மையான கருத்தை அறிய வந்த கருவியே அவரது பயத்தின் தோளில் ஏறி வரக் கூடாது.

கண்டுபிடித்ததை எதற்குப் பயன்படுத்துவது என்பதும் முக்கியம். பார்வை அதிகம் நிற்கும் சுவரில் காப்பீட்டு விளம்பரம் ஒட்டுவதற்கும் இதே தகவல் உதவும். நோயாளி விரும்பியது பெரும்பாலும் பளிங்குத் தரையாக இருக்காது. கூரை விளக்குக்கு ஒரு மறைப்பு, படுத்தபடியே தெரியும் கடிகாரம், தன் மொழியில் ஒரு படிவம், பெயர் எழுதிய தொப்பி, தியேட்டர் வாசலில் இன்னும் அரை நிமிடம். இவை எதற்கும் வெளிநாட்டிலிருந்து எதையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

கண்ணாடி வாங்க வசதியில்லாத ஆஸ்பத்திரிக்கும் ஒரு வழி உண்டு. ஒரு நாள் கண்காணிப்பாளர் ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்து, வார்டிலிருந்து தியேட்டர் வரை தன்னைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லலாம். வழியில் யாரும் அவருக்கு சல்யூட் அடிக்காமல் இருந்தால், சோதனை இன்னும் சரியாக இருக்கும்.